கொறங்காடு: வேலிக்குள் ஒரு மேய்ச்சல் கணக்கு

காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கம் பேருந்தில் போகிறவர்களுக்கு இருபுறமும் தரிசாகத்தான் தெரியும். முள்வேலி, ஆங்காங்கே வேலமரம், நடுவே நாலைந்து மாடு. ஆனால் அது தலைமுறைகளாகக் குடும்பங்கள் பேணிவரும் மேய்ச்சல் நிலம். பெயர் கொறங்காடு. ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் சொச்சம் மழை, அதிலும் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும் மண்ணில், பயிரைவிட நம்பகமானது புல்தான்.

வேலி கிளுவை. போத்து வெட்டி நெருக்கமாக நட்டால் தழைத்து, ஆடு நுழைய முடியாத முள்சுவராகிவிடும். கவுதாரியும் கீரியும் ஓணானும் அதில் குடியிருக்கும். கம்பிவேலிக்குத் துருப்பிடிக்க மட்டுமே தெரியும்.

உள்ளே கொழுக்கட்டைப்புல். மாடு கடித்த புல், வேரிலும் அடித்தூரிலும் உள்ள சேமிப்பைச் செலவழித்தே மறுபடி துளிர்க்கிறது. துளிர் தேறும் முன் மறுபடி மேய்த்தால் வேர் இளைக்கும், நிலம் மொட்டையாகும். மேய்க்காமலே விட்டாலும் கெடுதிதான்: காய்ந்த தாள் மூடிக்கொண்டு புதுத் துளிருக்கு வெயில் கிடைக்காது. ஆகவே காட்டைப் பகுதிகளாகத் தடுத்து, ஒன்றில் மேயவிட்டு மற்றவற்றை அடைத்துவைக்கிறார்கள். எப்போது படலை அடைப்பது என்பதே இதில் முழு வித்தை; உரம் போடும் வேலையை மாடே பார்த்துக்கொள்கிறது. சாணத்தை வண்டுகள் உருட்டி மண்ணுக்குள் இழுத்துப்போகின்றன. புல் காய்ந்த மாதங்களில் வெள்வேலமரம் நெத்து உதிர்க்கும். ஆடு பொறுக்கித் தின்று, விதையைக் காடெங்கும் தூவிவிடும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உழுது கொள்ளு விதைத்துப் புல்லைப் புதுப்பிப்பதும் உண்டு.

இங்கே மேய்வது காங்கேயம் மாடும் மேச்சேரி ஆடும். செம்பழுப்பாய்ப் பிறக்கும் காங்கேயம் கன்று ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும். மூக்கணாங்கயிற்றோடு கட்டுத்தறியில் நின்றே ஆயுளைக் கழிக்கும் மாட்டைப் பார்த்துப் பழகியவர்கள், வேலமர நிழலில் படுத்து அசைபோடும் இந்த மாட்டையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

பால் மட்டும் போதாது. நாளுக்கு இரண்டு லிட்டர் சொச்சமே. வருமானம் கன்று விற்பதிலும் ஆடு விற்பதிலும்தான். தீவனச் செலவு குறைவென்பதால் கட்டுப்படியாகிறது.

உண்மையான சிக்கல் பாகப்பிரிவினை. பத்து ஏக்கர் இரண்டு பங்கானால், மாற்றி மேய்க்க இடம் போதாது. வெளியூரில் இருக்கும் பங்காளியின் காட்டை ஆண்டுக் குத்தகைக்கு எடுத்துச் சமாளிப்பவர்கள் உண்டு. அவர் அதை மனைக்கு விற்கும்வரை அந்த ஏற்பாடு ஓடும்.