ஊருக்கே தெரிந்த ரகசியம்

மணியாச்சியில் கொலையாளி யாரென்று கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் எவரும் தேவைப்படவில்லை. 1911 ஜூன் 17, காலை வேளை. குழந்தைகளைப் பார்க்கக் கொடைக்கானல் புறப்பட்ட திருநெல்வேலி கலெக்டர் ஆஷ், தூத்துக்குடியிலிருந்து வரவேண்டிய போட் மெயிலுக்காக மனைவியோடு ரயில் பெட்டியில் காத்திருந்தார். வாஞ்சிநாதன் ஏறி பிரௌனிங் கைத்துப்பாக்கியால் சுட்டார். பிளாட்பாரத்துக் கழிப்பறைக்குள் ஓடித் தன்னையும் சுட்டுக்கொண்டார். சட்டைப் பையில் கடிதம் இருந்தது. யார், எதற்காக, எதைக்கொண்டு என்ற மூன்று கேள்விக்கும் அங்கேயே விடை கிடைத்துவிட்டது.

போலீஸுக்கு மிஞ்சியது வேறு கேள்வி. கூட வந்து ஓடிப்போன இன்னொரு இளைஞன் யார்? இருவருக்கும் பின்னால் இருப்பவர்கள் யார் யார்?

அதற்கு விடை தேடியபோதுதான் வழக்கு ஊருக்குள் நுழைந்தது. வாஞ்சியின் செங்கோட்டை வீட்டில் தொடங்கிச் சோதனைகள் நடந்தன. கடிதங்கள் சிக்கின. ஒரு கடிதத்திலிருந்து ஒரு நண்பர், அந்த நண்பரிடமிருந்து இன்னொரு உறவினர் என்று வலை விரிந்தது. வாஞ்சியின் மைத்துனர் சங்கரகிருஷ்ணன் பிடிபட்டார். விசாரணை நெருங்கியபோது இருவர் தற்கொலை செய்துகொண்டார்கள். ஒன்றாக உட்கார்ந்து உறுதிமொழி எடுத்தவர்களில் சிலர் அப்ரூவர்களாக மாறினார்கள். காளி படத்தின் முன்னால், குங்குமம் கரைத்த நீரைக் குடித்து எடுத்த சத்தியம் பற்றி நீதிமன்றத்தில் சொன்னது அவர்கள்தான். சென்னை உயர் நீதிமன்றத்தில் 14 பேர்மீது வழக்கு நடந்தது. சதிக்குழுவின் தலைவர் எனப்பட்ட நீலகண்ட பிரம்மச்சாரிக்கு 7 ஆண்டு, சங்கரகிருஷ்ணனுக்கு 4 ஆண்டு சிறை.

தேசபக்திக் கதையாகவே இதைப் படித்து வளர்ந்தோம். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் துப்பறியும் கதையாக ஒருமுறை வாசித்துப் பாருங்கள். கைரேகை இல்லை, பூதக்கண்ணாடி இல்லை. மைத்துனன், கூட்டாளி, கடிதம் எழுதிய பழக்கம், எடுத்த சத்தியம், அதை உடைத்த பயம் இவ்வளவுதான். ஒரு நட்பு எந்த இடத்தில் முறியும் என்பதைப் போலீஸ் தேடியது. முறிந்ததும் வழக்கு முடிந்தது.

பட்டணத்துக் கொலையில் யாருக்கும் எதுவும் தெரியாது. சிற்றூர்க் கொலையில் எல்லோருக்கும் ஏதோ ஒன்று தெரியும், வாய்தான் திறக்காது. இரண்டும் ஒரே வகைக் கதை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

தமிழில் துப்பறியும் கதை பிறந்து நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. 1894-இல் நடேச சாஸ்திரியின் 'தானவன்' வந்தது. 1908-இல் ஜே.ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்'. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், பிறகு தமிழ்வாணனின் சங்கர்லால் என்று வரிசை நீள்கிறது. சுஜாதாவின் கணேஷுக்குத் தம்புச்செட்டித் தெருவில் அலுவலகம். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலாவுக்கு மூன் லைட் டிடெக்டிவ் ஏஜென்சி. இந்தத் துப்பறிவாளர்கள் எல்லோருக்கும் ஒரு வசதி உண்டு. கொலையுண்டவர் சித்தப்பா முறை ஆகமாட்டார். சந்தேகத்துக்குரியவரோடு ஒரே பெஞ்சில் படித்திருக்க மாட்டார்கள். பஸ் ஸ்டாண்டு கடையில் கயிற்றில் தொங்கிய மாத நாவலை வாங்கி, வல்லநாடு தாண்டுவதற்குள் படித்து முடித்த எங்களுக்கு அந்தச் சொந்தமின்மையே ஒரு கவர்ச்சி. புத்திசாலி, அழகன், யாருக்கும் கடன்படாதவன்.

சுஜாதாவே 'கரையெல்லாம் செண்பகப்பூ'வில் அதைக் கொஞ்சம் மாற்றிப் பார்த்தார். நாட்டுப்பாடல் சேகரிக்கத் திருநிலம் என்ற கிராமத்துக்குப் போகும் கல்யாணராமன், ஜமீன் மாளிகையின் மர்மத்துக்குள் சிக்குகிறான். கிராமம் வந்தது. ஆனால் பார்க்கும் கண் வெளியூர்க்காரனுடையது. அவன் ஊருக்குத் திரும்பிப் போய்விடலாம்.

தூத்துக்குடி மில்லர்புரத்தில் வாடகை வீடு தேடிப் பாருங்கள். அட்வான்ஸ் பேசுவதற்கு முன்னால் வீட்டுக்கார அண்ணாச்சி மூன்று கேள்வி கேட்பார். "சொந்த ஊரு எது? அங்க எந்தத் தெரு? யாரு மவன்?" மூன்றுக்கும் பதில் சொன்னால் போதும். உங்கள் சாதி, மதம், தாத்தா விற்ற நிலம், அத்தை ஓடிப்போன கதை எல்லாம் மறுநாள் காலைக்குள் அவருக்கு வந்துவிடும். இந்த ஊரில் ஒரு சப்-இன்ஸ்பெக்டர் துப்பறிகிறார் என்றால், அவருக்கு முன்பே தெருவுக்குத் தெரிந்ததை அவர் கடைசியாகத் தெரிந்துகொள்கிறார் என்று பொருள்.

இந்த உண்மையைத் தமிழ் சினிமாவில் மிகக் கெட்டிக்காரத்தனமாகப் பயன்படுத்தியது 2015-இல் வந்த 'பாபநாசம்'. மலையாள 'திருஷ்யம்' கதைதான், ஜீத்து ஜோசப்பே இயக்கியது. ஆனால் நம் பக்கத்துப் பேச்சோடு வந்தபோது அது இங்கேயே முளைத்தது மாதிரி ஆகிவிட்டது. கேபிள் டிவி நடத்தும் சுயம்புலிங்கம் ஆதாரங்களை மறைப்பதைவிடப் பெரிய காரியம் ஒன்று செய்கிறான். ஹோட்டல்காரர், பஸ் கண்டக்டர், தியேட்டர் ஆபரேட்டர் ஆகியோரின் ஞாபகத்தில் ஒரு தேதியை நட்டு வைக்கிறான். அவர்களில் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. சிற்றூர் மனிதர் அடுத்தவர் நடமாட்டத்தைக் குறித்து வைத்திருப்பார் என்பது அவனுக்குத் தெரியும். அதையே தன் கோட்டையாக்கிக் கொள்கிறான். வெளியிலிருந்து வரும் ஐ.ஜி. அறிவாளிதான், ஆனாலும் அந்தக் கோட்டைக்கு வெளியே நிற்கிறார். குடும்பத்தைக் காப்பாற்றப் புதைத்த ரகசியம் எந்த இடத்தில் புதைந்திருக்கிறது என்பதைப் படம் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இப்படிப்பட்ட கதைகள் உலகெங்கும் உண்டு. அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் தன் கிராமத்து மனிதர்களின் சுபாவத்தை வைத்தே கொலைகாரரை அடையாளம் காண்பார். 2013-இல் பிரிட்டனில் வந்த 'பிராட்சர்ச்' தொடரில், கடலோரச் சிற்றூரில் கொலையுண்ட சிறுவனின் குடும்பமும் விசாரிக்கும் பெண் டிடெக்டிவின் குடும்பமும் நெருங்கிய சிநேகிதம். அந்த டிடெக்டிவ் பெயர் எல்லி மில்லர். மில்லர்புரத்துக்காரனுக்கு இதைவிட ஒட்டுறவு வேண்டுமா!

தமிழில் இந்த வகை முழு உருவம் எடுத்தது ஓடிடி வந்த பிறகுதான். புஷ்கர்–காயத்ரி எழுதிய 'சுழல்' முதல் பருவம் 2022 ஜூன் 17 அன்று வெளியானது. (ஆஷ் கொல்லப்பட்ட அதே ஜூன் 17. யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள்.) சாம்பலூர் என்ற கற்பனை மலையூர், ஒரு சிமென்ட் ஆலை, மயானக்கொள்ளைத் திருவிழா. ஆலைத் தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தின் இளைய மகள் காணாமல் போகிறாள். விசாரிக்கும் சப்-இன்ஸ்பெக்டர் சக்கரைக்கு அந்தக் குடும்பத்தின் மூத்த மகள் நந்தினி பழைய சிநேகிதி. அவன் அக்காவாக மதிக்கும் இன்ஸ்பெக்டர் ரெஜினாவின் மகனுக்கும் இதில் தொடர்பு இருக்கிறது. சக்கரை ஒவ்வொரு கதவைத் தட்டும்போதும் தனக்குச் சோறு போட்ட வீட்டுக் கதவைத் தட்டுகிறான். பார்க்காதவர்களுக்காக முடிவைச் சொல்லவில்லை. குற்றவாளியைத் தேடி ஊர் எல்லையைத் தாண்டவேண்டிய அவசியம் இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அதே ஆண்டு டிசம்பரில் ஆண்ட்ரூ லூயிஸின் 'வதந்தி' வந்தது. கன்னியாகுமரிப் பக்கத்துக் கதை. லாட்ஜ் நடத்தும் ரூபியின் மகள் வெலோனி, ஆங்கிலோ இந்தியப் பெண், கொல்லப்படுகிறாள். எஸ்.ஜே. சூர்யா நடித்த விவேக் விசாரிக்கிறார். பேசுகிறவர் மாற மாற வெலோனியும் மாறிக்கொண்டே போகிறாள். ஒருவருக்கு அடங்காதவள், இன்னொருவருக்கு அப்பாவி, பத்திரிகைக்கு நல்ல தலைப்பு. 'சுழல்' ஊரின் மௌனத்தைப் பற்றியது என்றால் 'வதந்தி' ஊரின் பேச்சைப் பற்றியது. எனக்கு இரண்டாவதே அதிகம் பிடித்தது. மௌனத்தைவிடப் பேச்சு உண்மையை நன்றாக மறைக்கும். விவேக்கின் வீட்டில் மனைவிக்கும் அவருக்கும் நடுவே அந்த வழக்கு வந்து உட்கார்ந்துகொள்வதும், விசாரணையின் செலவைக் குடும்பம் கட்டுவதும் தமிழ்த் துப்பறியும் கதைக்குப் புதிது. சங்கர்லாலுக்கு இந்தத் தொல்லைகள் கிடையாது. தேநீர் மட்டும் நேரத்துக்கு வந்தால் போதும்.

'சுழல்' இரண்டாம் பருவம் 2025 பிப்ரவரியில் கடற்கரைக்கு இறங்கியது. காளிபட்டணம் என்று பெயர் வைத்திருந்தாலும், அதில் வரும் திருவிழா வேஷத்தையும் கூட்டத்தையும் பார்த்த எங்கள் மாவட்டத்துக்காரர்கள் குலசை தசராவை நினைக்காமல் இருந்திருக்க முடியாது. வக்கீல் செல்லப்பா பூட்டிய வீட்டுக்குள் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். எட்டு இளம்பெண்கள், ஆளாளுக்கு நான்தான் கொன்றேன் என்கிறார்கள். நானில்லை நானில்லை என்று மறுக்கும் குற்றவாளிகளையே பார்த்துப் பழகிய கதையில் இது நல்ல தலைகீழ்.

குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவை நேரில் பார்த்தவர்கள், இதைத் துப்பறியும் கதைக்காரர்கள் ஏன் இவ்வளவு தாமதமாகக் கண்டுகொண்டார்கள் என்றுதான் கேட்பார்கள். நேர்ந்துகொண்டு விரதமிருந்து வேஷம் கட்டியவர்கள் ஊர் ஊராகக் காணிக்கை வாங்குவார்கள். காளி, ராஜா, குறவன், குரங்கு, பிச்சைக்காரர் எல்லாம் உண்டு. போலீஸ் வேஷமும் உண்டு. பந்தோபஸ்துக்கு நிற்கும் நிஜப் போலீஸுக்குப் பக்கத்தில் காக்கி வேஷக்காரர் உண்டியலை நீட்டுவார். விஜயதசமி இரவு கடற்கரையில் சூரசம்ஹாரம். முகம் மறைத்த ஒருவன் இன்னொருவனைத் தேடுவதற்கு இதைவிடப் பொருத்தமான இடத்தை எழுத்தாளன் கற்பனை செய்ய வேண்டியதில்லை.

இத்தனை பாராட்டுக்கும் பிறகு ஒரு குறை. இந்தத் தொடர்களின் ஊர்களில் சாதி மட்டும் மெல்லிய குரலில் பேசுகிறது. வீட்டுக்கார அண்ணாச்சியின் முதல் மூன்று கேள்வியே அதைத் தெரிந்துகொள்ளத்தான். நம் பக்கத்தில் ஒரு பெண் காணாமல் போனால், ஸ்டேஷனில் புகார் எழுதும் ஏட்டு மனதுக்குள் முதலில் போடும் கணக்கும் அதுதான். யார் யாருக்குச் சொந்தம், எந்தத் தெருவுக்குள் எந்தப் போலீஸ்காரர் போனால் கதவு திறக்கும் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் அடங்கும். அதைக் கழித்துவிட்டுச் சிற்றூர் மர்மம் எழுதுவது, உப்பளத்தை எழுதும்போது வெயிலை விட்டுவிடுவது போல. திருவிழா, கடல், ஆலைப் புகை எல்லாம் கேமராவுக்குக் கிடைத்துவிடுகின்றன. சொந்தபந்தத்தின் வரைபடம் கிடைப்பதில்லை.

தூத்துக்குடியில் அந்த வரைபடம் குடும்பத்தோடு நிற்பதுமில்லை, தொழிலிலும் ஓடுகிறது. மன்னார் வளைகுடாவில் கடல் அட்டை பிடிப்பதற்கு 2001-இலிருந்து தடை. ஆனாலும் கடல் அட்டை, பீடி இலை, மஞ்சள் என்று இலங்கைக்குப் போகவிருந்த மூட்டைகளைக் கியூ பிரிவு போலீசார் பறிமுதல் செய்த செய்தி உள்ளூர்ப் பக்கத்தில் வந்துகொண்டே இருக்கிறது. பல செய்திகளின் கடைசி வரி ஒரே மாதிரி: தப்பி ஓடியவர்களைப் போலீசார் தேடி வருகின்றனர். அந்த வரியைப் படிக்கும் கரையோர ஊருக்கு, எந்த வல்லம், யார் லோடு என்று தெரிந்திருக்கும். தெரிந்தவர் சொல்லமாட்டார். தப்பியவன் தங்கச்சி மாப்பிள்ளையாக இருக்கலாம். இல்லாவிட்டாலும் நாளைக்கு அதே கடலில் என்ஜின் நின்றால் கயிறு போட வருவது அவன்தான். ஜோ டி குருஸின் 'கொற்கை' இந்தக் கடற்கரையின் தோணி முதலாளிகளையும் குடும்பங்களையும் விரித்துச் சொன்ன நாவல். 2013-இல் சாகித்திய அகாடமி விருது பெற்றது. அதன் மனிதர்களுக்கு நடுவே ஒரு சடலத்தைக் கிடத்தினால் எப்படி இருக்கும் என்று நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். யாராவது எழுதலாம்.

இதே மாவட்டத்தில் நிஜமாக நடந்த ஒன்று உண்டு. 2020 ஜூனில், சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட தந்தையும் மகனும் அடுத்தடுத்து இறந்தார்கள். மதுரை உயர் நீதிமன்றக் கிளை தலையிட்டது. கோவில்பட்டி குற்றவியல் நடுவர் ஸ்டேஷனுக்கே விசாரிக்கப் போனார். சிசிடிவி பதிவு அன்றாடம் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தது என்பது அவருடைய அறிக்கையில் இருக்கிறது. கேமரா கைவிட்டது. தந்தையும் மகனும் ஸ்டேஷனில் இருந்த இரவு பணியிலிருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர், கண்டதைச் சொன்னார். கூட வேலை பார்க்கிறவர்கள் சுற்றி நிற்க, கையெழுத்திடப் பயந்தார், பிறகு இட்டார். வழக்கு பின்னர் சிபிஐக்குப் போனது.

'சுழல்', 'வதந்தி' இரண்டிலும் விசாரிக்கும் நாயகன் ஆண் சப்-இன்ஸ்பெக்டர். ரெஜினாவுக்கு இன்ஸ்பெக்டர் தொப்பி இருந்தும் கதை சக்கரையின் பின்னால்தான் போகிறது. அடுத்து எழுதப்போகிறவர்கள் ஸ்டேஷனில் ரைட்டர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அந்தத் தலைமைக் காவலரை எடுத்துக்கொள்ளலாம். அவருக்குத் துப்பாக்கி தேவையில்லை, துரத்தல் காட்சியும் வேண்டாம். காலை ரோல் கால், காவலர் குடியிருப்பில் எதிர்வீட்டுக்காரியின் பார்வை, "உனக்கு எதுக்குடி இந்த வேலை?" என்று கேட்கும் மாமியார், பிள்ளையைப் பள்ளியில் விட வரும் சக காவலரின் மனைவி என்று பத்து எபிசோடுக்குத் தாங்கும். முதல் எபிசோடிலேயே யார் செய்தார்கள் என்று சொல்லிவிட்டால்கூடப் பரவாயில்லை.