துணி மறுபயன்பாடும் மறுசுழற்சியும்

துணி மறுபயன்பாடு என்பது ஒருவர் உடுத்திய ஆடையை மற்றொருவர் உடுத்துவது அல்லது அதை வேறு பொருளாகத் தைப்பது ஆகும். துணியைக் கிழித்து இழையாக்கி மீண்டும் நூலாக நூற்பது மறுசுழற்சி எனப்படுகிறது. இவ்விரு பணிகளிலும் தொண்டு நிறுவனங்களும் வணிக நிறுவனங்களும் இணைந்து செயல்படுகின்றன.

சுனாமி தந்த பாடம்

2004 திசம்பர் 26 அன்று ஏற்பட்ட ஆழிப்பேரலையால் நாகப்பட்டினம் கடற்கரையும், காரைக்கால் பகுதியின் பட்டினச்சேரி போன்ற மீனவ ஊர்களும் பாதிக்கப்பட்டன. நாடெங்கிலுமிருந்து பழைய துணிகள் வந்து குவிந்தன. கிழிந்தவையும் அழுக்கானவையும் அவற்றில் கலந்திருந்தன. பல, அப்பகுதி மக்கள் உடுத்தும் வகையைச் சேர்ந்தவை அல்ல. உழைத்து வாழ்ந்த மக்கள் அவற்றை ஏற்கத் தயங்கினர். பெருமளவு துணி சாலையோரங்களில் வீணாகக் கிடந்தது.

தில்லியில் அன்சு குப்தா 1999-இல் தொடங்கிய கூஞ்ச் என்னும் தொண்டு நிறுவனம், இவ்வாறு தேங்கிய துணிகளைத் தரம் பிரித்துப் பயனுள்ளதாக்கும் பணியை மேற்கொண்டது. உடுத்தத் தகாத பருத்தித் துணிகளிலிருந்து மாதவிடாய்த் துணிகள், மெத்தை விரிப்புகள், பைகள் முதலியவற்றை இந்நிறுவனம் தயாரிக்கிறது. கிணறு வெட்டுதல், பாதை சீரமைத்தல் போன்ற ஊர்ப்பணிகளைச் செய்தவர்களுக்கு அவர்களது உழைப்புக்குரிய மதிப்பாகத் துணி வழங்கப்படுகிறது. எனவே பெறுபவர் இரப்பவராவதில்லை. அன்சு குப்தாவுக்கு 2015-இல் ரமோன் மக்சேசே விருது வழங்கப்பட்டது.

வணிக நிறுவனங்களின் பங்கு

அலுவலகங்களில் துணி சேகரித்தல், மிகுதியான சரக்கை அளித்தல், போக்குவரத்துக்கு உதவுதல் ஆகியவற்றை நிறுவனங்கள் செய்கின்றன. பிரித்தானியாவில் மார்க்ஸ் அண்டு ஸ்பென்சர் கடைகள் ஆக்ஸ்ஃபாம் தொண்டு நிறுவனத்துடன் 2008 முதல் இணைந்து பழைய ஆடைகளைத் திரட்டின.

மறுசுழற்சி

திருப்பூர் பின்னலாடை ஆலைகளின் வெட்டுத்துணிகள் நிறவாரியாகப் பிரிக்கப்பட்டுப் பஞ்சாக்கப்படுகின்றன. கிழிக்கும்போது இழையின் நீளம் குறைவதால், ஓப்பன் எண்ட் ஆலைகளில் அது பெரும்பாலும் தடித்த நூலாகவே நூற்கப்படுகிறது. நிறம் முன்பே இருப்பதால் பல வேளைகளில் புதிதாகச் சாயமிடத் தேவையில்லை. அரியானாவின் பானிப்பட்டில் பழைய கம்பளி ஆடைகள் போர்வைகளாகின்றன. பருத்தியும் பாலியெசுத்தரும் கலந்த துணியைப் பிரிப்பது கடினம்.

கொடுப்போர் கவனத்திற்கு

துவைத்து, உலர்த்தி, பொத்தான் குறையாத துணியையே உடுத்தக் கொடுக்க வேண்டும். கிழிந்ததைத் தனியே கட்டிக் கொடுத்தால் தரம் பிரிப்போரின் வேலை குறையும். பேரிடர்க் காலத்தில் அங்குள்ளோருக்குத் தேவையானது எது என்று கேட்டறிந்த பின்னரே அனுப்புவது நலம்.