கொள்முதல் கணக்கும் வேலை அட்டவணையும் ஒத்துப்போக

அறந்தாங்கியில் நெல், மளிகை, சிமெண்ட் வியாபாரம் செய்யும் நமது உறுப்பினர்கள் பலர் புதிதாகக் கிட்டங்கி கட்டுகிறார்கள். ஐப்பசி மழைக்கு முன் கூரை முடிய வேண்டும். தை அறுவடை நெல் வருமுன் கிட்டங்கி தயாராக வேண்டும். இதற்குப் பொறியாளர் 'மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட்' என்னும் மென்பொருளில் வேலை அட்டவணை போடுகிறார். கடைக் கணக்கர் பொருள் விலைகளை 'எக்செல்' தாளில் வைத்திருக்கிறார். இரண்டும் தனித்தனியே நின்றால் பண நஷ்டம் நமக்குத்தான்.

உதாரணமாக, 400 மூட்டை சிமெண்ட் ரூ.380 வீதம் 1,52,000 ரூபாய். விலை ரூ.420 ஆனால் 1,68,000. கணக்கர் திருத்திவிட்டார், அட்டவணையில் யாரும் திருத்தவில்லை என்றால், 16,000 ரூபாய் குறைவான தொகையை நம்பி வங்கிக் கடன் தவணையும் ஒப்பந்தக்காரர் முன்பணமும் திட்டமிடப்படும். இதைத் தவிர்க்க இரண்டு கோப்புகளையும் இணைத்து வைக்கலாம்.

இணைக்கும் முறை

எக்செல்லில் செலவுத் தொகைகள் உள்ள கட்டங்களைத் தேர்ந்தெடுத்து 'காப்பி' கொடுக்கவும். புராஜெக்டில் 'ஃபிக்ஸட் காஸ்ட்' பத்தியின் முதல் கட்டத்தில் நின்று, 'பேஸ்ட் ஸ்பெஷல்' சென்று, 'பேஸ்ட் லிங்க்', 'டெக்ஸ்ட் டேட்டா' என்பனவற்றைத் தேர்வு செய்யவும். இணைந்த கட்டத்தின் மூலையில் சிறு முக்கோணக் குறி தெரியும். இரு கோப்புகளிலும் வேலைகளின் வரிசை ஒன்றாகவே இருக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

1. இணைப்பு வேலையின் பெயரைப் பார்ப்பதில்லை. கட்டத்தின் முகவரியையே பார்க்கிறது. அட்டவணை மூடியிருக்கும்போது கணக்கர் நடுவில் ஒரு வரி சேர்த்தால், சிமெண்ட் தொகை பெயிண்ட் வேலையில் போய் உட்காரும். புதிய செலவுகளைக் கடைசியில் சேர்க்கச் சொல்லுங்கள். வரிசையை மாற்றி அடுக்கவும் வேண்டாம்.

2. கோப்பின் பெயரையோ இடத்தையோ மாற்றினால் இணைப்பு அறுந்துவிடும். ஆனால் பழைய தொகை அப்படியே திரையில் நிற்கும். ஆபத்து இங்கேதான். இரண்டையும் முதலிலேயே ஒரே ஃபோல்டரில் சேமித்து, பிறகு இணைக்கவும். இடம் மாறிவிட்டால் 'எடிட் லிங்க்ஸ்' மூலம் புதிய இடத்தைக் காட்டவேண்டும்.

3. தேதிகளை இணைக்காதீர்கள். தொடக்கத் தேதியை வெளியிலிருந்து கொடுத்தால், 'இந்நாளுக்கு முன் தொடங்கக் கூடாது' என்ற கட்டுப்பாட்டை மென்பொருள் தானே போட்டுவிடும். கூரை வேலை ஒரு வாரம் முந்தி முடிந்தாலும் தரை வேலை முன்னே வராது. தேதியை வேலைகளின் தொடர்பே தீர்மானிக்கட்டும். எக்செல்லிலிருந்து தொகை மட்டும் வரட்டும்.

4. பொறியாளர் வெளியூரில் இருந்து, அட்டவணை மட்டும் மின்னஞ்சலில் போனால், அவருக்குத் தெரிவது கடைசியாகப் பதிந்த தொகையே. அத்தகைய நிலையில் இணைப்பைவிட, வேலை எண்ணை அடையாளமாக வைத்து விவரங்களை 'இம்போர்ட்' செய்து சேர்ப்பது நல்லது.

வாரம் ஒரு நாள்

சனிக்கிழமை கூலி பட்டுவாடாவுக்கு முன் எக்செல் கோப்பை முதலில் திறந்து, பிறகு அட்டவணையைத் திறக்கவும். இணைப்பைப் புதுப்பிக்கவா என்று கேட்டால் 'யெஸ்' கொடுக்கவும். இரு கோப்புகளின் இணைத்த தொகைகளையும் கூட்டிப் பார்த்து, ஒத்துப்போன பின்பே பணம் கொடுக்கவும். அன்றைய தேதியிட்டு ஒரு பிரதியும் அச்செடுத்து வையுங்கள். பின்னால் ஒப்பந்தக்காரருடன் கணக்குத் தீர்க்கும்போது அதுவே உங்களுக்குச் சாட்சி.