விராசத்: ஊர்ப் பகைக்கு யார் விலை கொடுக்கிறாங்க?

இன்னிக்கு நாம பேசப்போற படம் 'விராசத்'. 1997-ல வந்த இந்திப் படம். இயக்குநர் பிரியதர்ஷன். அனில் கபூர், தபு, அம்ரீஷ் புரி, பூஜா பத்ரா, வில்லனா மிலிந்த் குணாஜி. நம்ம 'தேவர் மகன்' (1992) படத்தோட ரீமேக். கதையை முழுசா சொல்லப்போறேன், அதனால இன்னும் பார்க்காதவங்க பார்த்துட்டு வந்து படிங்க.

கதை என்ன?

லண்டன்ல படிச்ச சக்தி, காதலி அனிதாவோட ஊருக்கு வர்றான். அப்பா ராஜா தாக்கூர் ஊர்ப் பெரியவர். அவரோட தம்பி குடும்பத்துக்கும் இவங்களுக்கும் தீராத பகை. சித்தப்பா மகன் பாலிதான் வில்லன். சக்திக்கு ஊர்ல தங்குற ஐடியாவே இல்ல. ரெஸ்டாரன்ட் தொழில் தொடங்கணும், அவ்வளவுதான். அப்பா இறந்ததும் அந்த ஊரும் பகையும் சேர்ந்தே அவன் தலையில வந்து விழுது.

'விராசத்'னா வாரிசுக்கு வர்ற சொத்து. தமிழ்த் தலைப்பு சாதியைச் சொல்லுது, இந்தித் தலைப்பு பரம்பரைச் சொத்தைச் சொல்லுது. ஆனா தாக்கூருங்கிற பட்டம் கதைக்குள்ள அப்படியேதான் இருக்கு. ஊர் யார் பேச்சைக் கேட்கணும்னு அந்தப் பட்டம்தான் முடிவு பண்ணுது.

நல்லது செஞ்சா அடி யாருக்கு?

சக்தி நல்லவன்தான். ஆனா அவன் செய்ற ஒவ்வொரு நல்லதுக்கும் ஒரு சைடு எஃபெக்ட் இருக்கு. அது அவன் மேல விழுறதில்ல.

முதல்ல கோயில். பூட்டிக் கிடக்குற கோயிலைத் திறந்து பார்க்கணும்னு ஆசைப்படுறான். கலவரம் வெடிக்குது. தமிழ்ல அந்தப் பூட்டை உடைச்சுக் கொடுத்தவன் வடிவேலு நடிச்ச இசக்கி. அவன் தன் கையையே இழக்கிறான். ஆசைப்பட்டது பெரிய வீட்டுப் பையன், அடி வாங்கினது வேலைக்காரன்.

அடுத்தது பாதை. ஊர் மக்கள் நடந்து போக ஒருத்தர் தன் நிலத்துல வழி விடணும். பாலிக்குப் பயந்து அவர் தயங்குறார். "உங்க பொண்ணுக்கு நல்ல இடத்துல கல்யாணம் பண்ணி வைக்கிறோம், பாதுகாப்பா இருப்பா"ன்னு வாக்குக் கொடுத்து சம்மதிக்க வைக்கிறாங்க. அந்தப் பொண்ணுதான் கெஹனா, தபு நடிச்சது. கல்யாணத்தன்னிக்கு மாப்பிள்ளை பயந்து ஓடிடுறான்.

அப்போ பொண்ணு வீட்டுக்காரங்க கேட்குறாங்க: எங்களைத் துணிச்சலா இருக்கச் சொல்றது உங்களுக்கு ஈஸி, ஆனா ஆபத்துல இருக்கிறது நாங்கதானே? என்னைக் கேட்டா, மொத்தப் படத்துலயும் நேர்மையான கேள்வி இதுதான்.

சக்தி கெஹனா சம்மதத்தைக் கேட்டு, தானே தாலி கட்டுறான். பார்க்குற நமக்கு அது தியாகம். ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. அனிதா காதலை இழக்கிறா. மாப்பிள்ளை ஓடின மணவறையில, ஊரே பார்க்க, கெஹனா எப்படி 'வேண்டாம்'னு சொல்லுவா? ஒரு பாதைக்கு ரெண்டு பொண்ணுங்களோட வாழ்க்கை விலையாப் போகுது.

கடைசியில சக்தி பாலியைக் கொன்னுட்டு போலீஸ்ல சரணடையுறான். பகையோட விலை அப்போதான் அவன் கைக்கு வருது. அதுக்குள்ள ஊர்ல எத்தனையோ பேர் செத்தாச்சு.

ரெண்டு படம், ஒரே மெட்டு

'தேவர் மகன்'ல ரேவதிக்குத் துணை நடிகைக்கான தேசிய விருது கிடைச்சது. தபுவுக்கு ஃபிலிம்ஃபேர் கிரிட்டிக்ஸ் விருது. 'இஞ்சி இடுப்பழகா' பாடினதுக்கு எஸ். ஜானகிக்கு தேசிய விருது. அதே மெட்டை இந்தியில பாடின சித்ராவுக்கும் தேசிய விருது. ரெண்டு மொழியிலயும் ஜனங்க மனசுல நின்னது அந்த மனைவியோட கூச்சமும் அந்தப் பாட்டும்தான். கதையில ரொம்பக் கம்மியா பேச விட்ட ஆளும் அவங்கதான்.

2023-ல மாரி செல்வராஜ் 'மாமன்னன்' எடுத்தப்போ, 'தேவர் மகன்' தனக்குள்ள எழுப்பின கேள்விகள்தான் காரணம்னு சொன்னார். இசக்கியா நடிச்ச வடிவேலுவே அதுல மாமன்னன்.

'விராசத்' நல்லா எடுத்த படம், தாராளமா பாருங்க. அம்ரீஷ் புரியும் அனில் கபூரும் வர்ற அப்பா-மகன் சீனுக்காகவே பார்க்கலாம். ஆனா ஹீரோ ஒரு நல்லது செய்யும்போதெல்லாம் கொஞ்சம் பாஸ் பண்ணி, ஃப்ரேம்ல அவன் பக்கத்துல நிக்குறவங்க முகத்தைப் பாருங்க. பார்த்துட்டு என்ன தோணுச்சுன்னு எழுதுங்க, அடுத்த எபிசோட்ல பேசுவோம்.