அஞ்சும் பூனைக்குட்டியும் நம் பொறுப்பும்

இல்லத்தில் வளரும் பூனைக்குட்டி வெளியே செல்ல அஞ்சிக் கட்டிலடியில் பதுங்கினால், அதைத் தூக்கித் தெருவில் விட்டுக் கதவைச் சாத்துவோர் உண்டு. வளர்க்க இயலாதென்று சாக்கிலிட்டுச் சந்தையருகே விட்டு வருவோரும் உண்டு. இவை முறையா என்று நாம் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

பூனையொன்றைக் கட்டிவைத்த பெண்ணைப் பற்றிய நபிமொழி நாமெல்லாம் அறிந்ததே. அவள் அதற்கு உணவளிக்கவுமில்லை. சிற்றுயிர்களைத் தின்று பிழைக்க அவிழ்த்து விடவுமில்லை. அதனால் அவள் நரக வேதனைக்கு ஆளானாள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் காண்கிறோம். அடைத்து வைத்து வாட்டுவது பாவமெனில், பிழைக்கும் வழியறியாக் குட்டியை வெளியே தள்ளுவது மட்டும் விடுதலையாகுமா?

பூனைக்குட்டியின் பெயராலேயே அழைக்கப்பெற்றவர் அபூஹுரைரா (ரலி) அவர்கள். குடும்பத்தாரின் ஆடுகளை மேய்த்துவந்த காலத்தில், தம் குட்டியை இரவில் ஒரு மரத்தில் விட்டுவைத்து, பகலில் உடன் அழைத்துச் சென்று விளையாடியதாக அவர்களே கூறிய செய்தி திர்மிதியில் உள்ளது. இரவில் பத்திரமான இடம், பகலில் பழகியவரின் துணை. அஞ்சும் குட்டிக்கு வேண்டியவை இவ்விரண்டுமே.

நமது சேலம், நாமக்கல் பகுதிகளில் இத்துணை இன்னும் இன்றியமையாதது. லாரிகளின் இரைச்சலும், பட்டறைகளின் சம்மட்டி ஒலியும், தெருநாய்களும் பெரிய பூனையையே வெருட்டும். மிரண்ட குட்டி கண்மண் தெரியாமல் ஓடி, நிற்கும் லாரியின் அடியில் ஒளிந்துகொள்ளும். ஆதலின் வண்டியைக் கிளப்புமுன் அடியில் குனிந்து பார்ப்பது நல்லது.

புதிதாக வந்த குட்டி முதலில் இரண்டு, மூன்று வாரங்கள் வீட்டிற்குள்ளேயே பழகட்டும். உணவு வைக்கும்போதெல்லாம் ஒரே சொல்லால் அழையுங்கள். பின்னர் அவ்வழைப்பே அதைத் திரும்பக் கொணரும். மூன்று மாதம் நிரம்பியதும் வெறிநோய்த் தடுப்பூசி போடுவது அவசியம். 1985ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ, அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திலோ இதுபற்றிக் கேட்டறியலாம்.

பிறகு, ஸுப்ஹு தொழுகை முடிந்து தெரு அமைதியாயிருக்கும் வேளையில், குட்டிக்கு உணவளிக்குமுன் கதவைத் திறந்து வைத்து வாசற்படியில் அமருங்கள். அதைத் தூக்கிச் செல்லாதீர்கள், தானே வரட்டும். முதல் நாள் வாசலை முகர்ந்துவிட்டுத் திரும்பினாலும் போதும். காதுகளை மடித்து, வாலைச் சுருட்டி, தரையோடு ஒடுங்கினால் அது அஞ்சுகிறது என்று பொருள். அப்போது பிடித்திழுக்கவோ அதட்டவோ வேண்டாம். அது ஓடிவரும் வழியை மறிக்காமல் கதவு திறந்தே இருக்கட்டும். திரும்பியதும் உணவளியுங்கள். நாளுக்கு நாள் சில நிமிடங்கள் கூட்டுங்கள். மஃரிபுக்குமுன் உள்ளே அழைத்துக்கொள்ளுங்கள்.

சில குட்டிகள் ஒரு வாரத்தில் துணியும். சிலவற்றிற்கு மாதங்கள் ஆகும். வாசலைத் தாண்டவே விரும்பாத பூனையும் உண்டு. அதற்கு வயிறார உணவும், நீரும், உள்ளேயே ஓடியாட இடமும் தந்தால் அது சிறைவாசமாகாது. திரும்பி ஓடிவர ஓர் இடம் உண்டென்று அறிந்த உயிரே துணிந்து வெளியே அடியெடுத்து வைக்கும். அந்த நம்பிக்கையைத் தருவதே நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

வாயற்ற ஜீவன்களிடம் இரக்கம் காட்டும் நல்லடியார்களாக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.