ஒரே வரைபடம், பல கைகள்

புதுக்கோட்டை மாவட்டத்தில் எந்தக் கண்மாயையும் தனியாக வைத்துப் புரிந்துகொள்ள முடியாது. மேலே உள்ள கண்மாய் நிறைந்து கலிங்கு தாண்டினால் மிச்சத் தண்ணீர் வாரியில் இறங்கி அடுத்த கண்மாய்க்குப் போகும். அது நிறைந்தால் அதற்கும் கீழே உள்ளதற்கு. வெள்ளாறு, அக்னியாறு, அம்புலியாறு, பாம்பாறு என்று இங்கே ஓடும் ஆறுகள் எல்லாம் மழையை நம்பியவை. கல்லணைக் கால்வாயின் கடைமடை எட்டும் பகுதியை விட்டுவிட்டால், ஐப்பசி கார்த்திகை மழையைப் பிடித்து வைத்தால்தான் வெள்ளாமை. ஆகவே இந்த மாவட்டத்துத் தண்ணீருக்கு ஒரு வரைபடம் வேண்டுமென்றால், கண்மாய்களை ஆங்காங்கே நீல வண்ணத்தில் தீட்டிவிட்டால் போதாது. எது எதற்குத் தண்ணீர் தருகிறது என்பதும் அதில் இருக்க வேண்டும்.

இதை வரைவதற்குப் பெரிய அலுவலகம் தேவையில்லை. கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருள் 2002 முதல் வளர்ந்து வருகிறது. 2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஓபன்ஸ்ட்ரீட்மேப், யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய உலக வரைபடம். 2021 பிப்ரவரி 15 அன்று மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்கள், இந்தியர்கள் முன் அனுமதி வாங்காமலே வரைபடத் தரவுகளைச் சேகரிக்கவும் வெளியிடவும் வழி திறந்தன. கஜா புயல் 2018 நவம்பரில் தென்னைகளைச் சாய்த்துவிட்டுப் போன பிறகு, கீரமங்கலம், கொத்தமங்கலம் பக்கத்து இளைஞர்கள் தாங்களே பணம் திரட்டிக் குளங்களைத் தூர்வாரினார்கள். தங்கள் ஊர் மடையும் வாரியும் எங்கே இருக்கின்றன என்று அறிந்தவர்கள் அவர்கள். இப்படிப்பட்ட பலர் சேர்ந்து ஒரே வரைபடத்தில் கை வைக்கும்போதுதான் சிக்கல் வருகிறது. அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மென்பொருள் திரையில் காட்டும் பிழைச் செய்தியைப் பற்றியே பேசுகிறார்கள். உண்மையில் வரைபடத்தைக் கெடுப்பவை, மென்பொருள் சொல்லாமல் விட்டுவிடும் பிழைகள். அவற்றைத் தடுக்க வேண்டுமானால் வேலையைப் பங்கு போடும் முறையையே மாற்ற வேண்டும் என்பது என் வாதம்.

முதலில் மென்பொருள் சொல்லும் பிழைகளைப் பார்த்துவிடலாம். ஒரு கணினியில் உள்ள கோப்பை வலைப்பின்னல் வழியாக இரண்டு மூன்று பேர் திறந்து திருத்துவது நம் ஊரில் வழக்கம். கியூஜிஐஎஸ்ஸின் மூன்றாம் பதிப்பிலிருந்து இயல்பாக வரும் ஜியோபேக்கேஜ் கோப்பில், ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். இரண்டாமவர் சேமிக்கப் போனால் 'டேட்டாபேஸ் இஸ் லாக்டு' என்று செய்தி வரும். எரிச்சலான செய்திதான், ஆனால் நல்ல செய்தி. எதுவும் கெடுவதற்கு முன்பே நிறுத்திவிட்டது. முதலாமவர் திருத்தத்தைச் சேமித்து, திருத்தும் நிலையை அணைத்து, கோப்பை மூடினால் பெரும்பாலும் பூட்டு விலகிவிடும். கோப்புக்குப் பக்கத்திலேயே '-wal' என்று பெயர் முடியும் துணைக்கோப்பு ஒன்று இருந்தால் அதை அழித்துவிடக் கூடாது. இன்னும் முதன்மைக் கோப்பில் சேராத திருத்தங்கள் அதற்குள் இருக்கலாம். உண்மையிலேயே பலர் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டுமென்றால் போஸ்ட்ஜிஐஎஸ் போன்ற சர்வர் தரவுத்தளத்துக்கு மாறுவதே சரி. ஆனால் அங்கேயும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காலை பத்து மணிக்கு ஒரு கண்மாயின் கரையைத் திருத்தத் தொடங்கியவர் பன்னிரண்டு மணிக்குச் சேமிக்கிறார். நடுவில் பதினொரு மணிக்கு இன்னொருவர் அதே கரையைத் திருத்திச் சேமித்திருக்கிறார். தனியாக ஏற்பாடு எதுவும் செய்யாவிட்டால், கடைசியாகச் சேமித்தவரின் கோடுதான் நிற்கும். பதினொரு மணிக்காரருக்கு எந்த எச்சரிக்கையும் வராது.

ஓபன்ஸ்ட்ரீட்மேப் இந்த இடத்தில் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொள்கிறது. 2009இல் வந்த அதன் 0.6 என்ற இடைமுகம், ஒவ்வொரு பொருளுக்கும் கொடுக்கப்படும் பதிப்பு எண்ணைத் திருத்தத்துக்கு முன் சரிபார்க்கிறது. திருமயத்தில் ஒருவர் ஒரு கண்மாயை நான்காம் பதிப்பாக இறக்கி வைத்துத் திருத்துகிறார் என்று வையுங்கள். அறந்தாங்கியிலிருந்து இன்னொருவர் அதற்குப் பெயர் சேர்த்து ஏற்றிவிட, சர்வரில் அது ஐந்தாம் பதிப்பாகிவிடுகிறது. திருமயத்துக்காரர் ஏற்ற முயன்றால் சர்வர் ஏற்காது. ஜே.ஓ.எஸ்.எம். என்ற திருத்து மென்பொருள் ஒரு சாளரத்தைத் திறந்து, இடது பக்கம் அவருடைய பதிப்பையும் வலது பக்கம் மற்றவருடையதையும் வைத்து, நடுவில் இரண்டும் சேர்ந்த பதிப்பை உருவாக்கச் சொல்லும். அவசரத்தில் எல்லாவற்றுக்கும் 'என்னுடையது' என்று அழுத்தினால் அறந்தாங்கிக்காரர் சேர்த்த பெயர் போய்விடும். பெயரை அவருடையதிலிருந்தும் கரைக்கோட்டைத் தன்னுடையதிலிருந்தும் எடுத்தால் இரண்டும் நிலைக்கும். ஒரு நிமிட வேலை. இந்த ஒரு நிமிடத்தைப் பொறுமையாகச் செலவழிக்கப் பழகிவிட்டால் மென்பொருள் காட்டும் மோதல்களில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

மென்பொருள் காட்டாத பிழைகள் வேறு வகை. புதிதாக வந்த ஒருவர் பழைய கண்மாய் வடிவம் பிடிக்காமல் அதை அழித்துவிட்டுப் புதிதாக வரைகிறார். வாரி வந்து முடியும் புள்ளி, பழைய கரையோடு பகிர்ந்துகொண்ட புள்ளி. வாரி இன்னும் அதைப் பயன்படுத்துவதால் அந்தப் புள்ளி அழியாது. புதிய கரைக்குச் சற்றுத் தள்ளி அப்படியே நிற்கும். சர்வருக்கு இதில் குற்றம் எதுவும் தெரியாது. திரையில் பார்த்தாலும் வாரி கண்மாயைத் தொடுவது போலத்தான் தோன்றும். ஆனால் மேலிருந்து தண்ணீர் எங்கே போகிறது என்று கணினியைக் கேட்டால், அந்த இடத்தில் சங்கிலி அறுந்துவிட்டது என்று சொல்லும். இன்னொன்றும் உண்டு. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் கரையின் ஒரு புள்ளியை மட்டும் நகர்த்தினால் அந்தப் புள்ளியின் பதிப்பு எண்தான் ஏறும். கண்மாயின் பதிப்பு எண் மாறாது. கண்மாயின் வரலாற்றை மட்டும் புரட்டிப் பார்க்கிறவர், அதன் கரை நகர்ந்ததையே அறியாமல் போகலாம்.

இதைவிடவும் ஆழமான பிழை, இருவருமே சரியாக வரைந்தும் வருவது. தை மாதச் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து ஒருவர் தண்ணீர் நிற்கும் விளிம்பை வரைகிறார். சித்திரைப் படத்தைப் பார்த்து இன்னொருவர் உள்ளே சுருங்கிக் கிடக்கும் குட்டையை வரைகிறார். மூன்றாமவர் வெளியூர்; படத்தில் பச்சையாகத் தெரிவதை வைத்துப் புதர்க்காடு என்று குறிக்கிறார். அது கண்மாயின் உள்வாயில் மண்டிய சீமைக்கருவேலம். மூவரும் கண்ணால் கண்டதைத்தான் வரைந்தார்கள். மூன்று கோடுகளும் ஒன்றோடொன்று மோதவும் இல்லை. எந்தக் கோட்டை வரைவது என்று முன்கூட்டியே பேசி முடிவெடுக்காததுதான் இங்கே பிழை. கரையையும் நிறைமட்டத்தையும் வரைந்து, ஆண்டு முழுக்கத் தண்ணீர் இருக்காது என்று குறிப்பிட வேண்டும் என ஒரு வரியில் எழுதி வைத்திருந்தால் இது வந்திருக்காது.

அளவை சார்ந்த பிழைகளிலும் கண்ணில் படுபவை, படாதவை என்று இரண்டு வகை உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் முழுவதும் 78 பாகை தீர்க்கரேகைக்குக் கிழக்கே இருப்பதால், உலகை மண்டலங்களாகப் பிரிக்கும் யு.டி.எம். அளவையில் 44ஆம் மண்டலத்தில் வரும். பக்கத்திலுள்ள திண்டுக்கல் நகரம் 78 பாகைக்குக் கொஞ்சம் மேற்கே இருப்பதால் 43இல் விழுகிறது. தவறுதலாக ஒருவர் புதுக்கோட்டைத் தரவுக்கு 43 என்று அடையாளம் கொடுத்துவிட்டால், கண்மாய்கள் எல்லாம் அரபிக்கடலில் லட்சத்தீவின் கவரத்திக்குப் பக்கத்தில் போய் நிற்கும். இதை யாரும் கவனிக்காமல் விட முடியாது. ஆனால் பூமியின் வடிவத்துக்கு எவரெஸ்ட் கோளவுருவை அடிப்படையாகக் கொண்ட பழைய சர்வே வரைபடத்தை மாற்றம் செய்யாமல் ஜிபிஎஸ் அளவோடு சேர்த்தால், நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். கண்மாய் கண்மாயாகவே தெரியும். மடை மட்டும் பக்கத்து வயலில் இருக்கும்.

தமிழில் பெயர் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. ஷேப்ஃபைல் என்ற பழைய கோப்பு வடிவத்தை அலுவலகங்கள் இன்றும் கைமாற்றிக்கொள்கின்றன. அதில் நெடுவரிசைத் தலைப்புக்கு 10 பைட் இடம்தான். யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் வேண்டும். புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறிகள். 'கண்மாய்' என்று தலைப்பிட்டால் 'கண்' வரைக்கும்தான் நிற்கும். 'புதுக்கோட்டை' என்ற பெயருக்கே 36 பைட் தேவை. 20 பைட் ஒதுக்கிய கட்டத்தில் எழுதினால் பாதியில் வெட்டுப்படும். பலர் பல ஊர்ப் பெயர்களை எழுதி ஒன்று சேர்க்கும்போது, வெட்டுப்பட்ட பெயர்கள் ஒன்றுபோல ஆகிவிடுகின்றன. சேகரிக்கும் வேலையை ஜியோபேக்கேஜில் வைத்துக்கொள்வது இதற்குப் போதுமான மருந்து.

இத்தனை பிழைகளும் எங்கே பிறக்கின்றன என்று பார்த்தால், பெரும்பாலும் ஒருவர் பங்கு முடிந்து இன்னொருவர் பங்கு தொடங்கும் விளிம்பில். ஆகவே விளிம்பை எங்கே போடுகிறோம் என்பது முக்கியமான கேள்வி. பேரிடர்களின்போது உலகத் தன்னார்வலர்கள் பயன்படுத்தும் டாஸ்கிங் மேனேஜர் என்ற கருவி, நிலத்தைச் சதுரங்களாக வெட்டி, ஒருவர் எடுத்த சதுரத்தை 2 மணி நேரம் மற்றவர் தொடாமல் பூட்டி வைக்கிறது. வீடுகளை எண்ணிக் குறிக்க அது அருமையான ஏற்பாடு. ஆனால் ஒரு கண்மாய் நான்கு சதுரங்களில் விழும்போது நான்கு பேரும் அதன் கால்பகுதியைத்தான் பார்ப்பார்கள். ஊராட்சி ஊராட்சியாகப் பிரித்தாலும் இதே கதைதான். வாரி ஊராட்சி எல்லையைக் கேட்டுக்கொண்டு ஓடுவதில்லை. எனவே புதுக்கோட்டையில் தண்ணீர் வழியை வைத்தே வேலையைப் பிரிக்க வேண்டும். மேலேயுள்ள முதல் கண்மாயிலிருந்து கடைசியில் ஆற்றில் சேரும் இடம் வரை ஒரு தொடர் ஒரு குழுவின் பொறுப்பு. வாரியையும் அது சேரும் கண்மாயையும் ஒரே குழு பார்த்தால், அறுந்த இடம் அவர்கள் கண்ணிலேயே படும்.

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. நிர்வாகமே அப்படிப் பிரிந்திருக்கவில்லையே என்பார்கள். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருக்கின்றன. தகவலும் அந்தந்த அலுவலகத்திலிருந்துதான் வரும். உண்மைதான். ஆனால் யார் பராமரிக்கிறார்கள் என்பதைக் கண்மாயின் விவரங்களில் ஒரு கட்டமாக எழுதிவிடலாம். அதற்காக வரைகிறவர்களையும் துண்டாக்க வேண்டியதில்லை. ஒரே தொடரில் பெரிய கண்மாய் ஒரு துறையிடமும் அதற்கு மேலும் கீழுமுள்ள சிறியவை இன்னொன்றிடமும் இருக்கும் மாவட்டத்தில், தொடரை முழுதாகக் காட்டும் வரைபடம் இன்னும் அவசியமாகிறது. நில அளவைத் துறையின் எஃப்.எம்.பி. என்ற புலப்படம் இருக்கிறதே என்றும் சிலர் கேட்பார்கள். கிராமம் கிராமமாக, சர்வே எண் சர்வே எண்ணாக நிலத்தின் எல்லையைச் சொல்வது அதன் வேலை. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அதைக் கேட்பது முறையல்ல.

ஆனால் நில அளவைத் துறையிடமிருந்து கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. 45/2 என்ற புலம் பிரிந்தால் 45/2ஏ, 45/2பி ஆகும். 2ஏ மறுபடி பிரிந்தால் 2ஏ1, 2ஏ2. எண்ணைப் பார்த்தாலே எதிலிருந்து எது வந்தது என்று தெரிந்துவிடும். பல சர்வேயர்கள் பல ஆண்டுகளாகத் திருத்தி வந்தும் நிலத்தின் வம்சம் குழம்பாமல் இருப்பதற்கு இந்த எண்முறைக்குப் பெரும் பங்கு உண்டு. கைபேசியில் க்யூஃபீல்ட் போன்ற செயலியோடு இணையமில்லாத இடத்தில் வேலை செய்கிற குழுக்கள் இதை மறந்துவிடுகின்றன. விராலிமலையில் ஒரு கைபேசி புதிய மடைக்கு 101 என்று எண் கொடுக்கும். மணமேல்குடியில் இன்னொன்றும் வேறொரு மடைக்கு அதே 101ஐக் கொடுக்கும். மாலையில் சேர்த்தால் ஒன்று மற்றொன்றை விழுங்கலாம். கருவி தானே உண்டாக்கும் நீண்ட தனி அடையாள எண்ணைப் பயன்படுத்தினால் இது நேராது. அழித்துவிட்டுப் புதிதாக வரையாமல், இருக்கும் வடிவத்தையே திருத்துவதும் இதே காரணத்துக்காகத்தான்; பழைய வரலாறு கூடவே வரும்.

யாரும் திருத்தலாம் என்றால் ஆக்கிரமிப்பாளரும் வந்து கண்மாயைச் சுருக்கி வரைய மாட்டாரா என்ற அச்சம் இருக்கத்தான் செய்யும். வரையலாம். ஆனால் எந்தக் கணக்கிலிருந்து, எந்த நாளில், எதை மாற்றினார் என்பது ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் எல்லோருக்கும் தெரியும். முந்தைய பதிப்பை மீட்டுவிடலாம். நீதிமன்றத்தில் எல்லையைத் தீர்மானிப்பவை வருவாய்த் துறை ஆவணங்கள். தன்னார்வலர் வரைந்த கோட்டுக்கு அந்த அதிகாரம் இல்லை. அதனால் ஒருவர் சுருக்கி வரைந்தால் அவருக்குக் கிடைக்கும் ஆதாயம் குறைவு. ஊருக்குக் கிடைக்கும் எச்சரிக்கை அதிகம். எல்லாவற்றையும் ஒரே நிபுணர் வரையட்டும் என்ற யோசனையில் இந்த அச்சம் இருக்காது. ஆனால் ஆயிரக்கணக்கான கண்மாய்களின் பெயரும் கலிங்கின் இடமும் ஒரே தலையில் இருக்க வாய்ப்பில்லை.

உங்கள் ஊர்க் கண்மாயை வரைய உட்காரும்போது, அதற்கு மேலே தண்ணீர் தரும் கண்மாயையும் கீழே பெறும் கண்மாயையும் சேர்த்தே திறந்து பாருங்கள். வாரியின் கடைசிப் புள்ளி கரையோடு ஒட்டியிருக்கிறதா என்று திரையைப் பெரிதாக்கிச் சரிபாருங்கள். ஏற்றும்போது கேட்கப்படும் குறிப்பில் 'அப்டேட்' என்று மட்டும் போடாமல், எந்தக் கரையை எதைப் பார்த்து மாற்றினீர்கள் என்று தமிழிலேயே ஒரு வரி எழுதுங்கள். அடுத்து அந்தக் கண்மாயைத் திறப்பவர் அந்த வரியைத்தான் தேடுவார்.