சத்தம் வந்த திசை எது?

2020 மே 20, புதன்கிழமை. பகல் ஒன்றரை மணிக்குச் சற்று முன்பு, ஊரடங்கில் வீட்டோடு கிடந்த பெங்களூரு ஒரு பெருஞ்சத்தத்தில் அதிர்ந்தது. ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின. நிமிடங்களுக்குள் ட்விட்டரில் ஊர்ப்பெயர்கள் வரிசை கட்டின. தேவனஹள்ளி விமான நிலையம், கல்யாண் நகர், எம்.ஜி. ரோடு, மாரத்தஹள்ளி, ஒயிட்ஃபீல்டு, சர்ஜாபூர், எலெக்ட்ரானிக் சிட்டி, கடைசியாக ஹெப்பகோடி. நிலநடுக்கம் என்றார்கள் சிலர். அன்றுதான் கரை கடந்த அம்பன் புயலின் மேல் பழி போட்டார்கள் வேறு சிலர். பறக்கும் தட்டு என்று பாதி விளையாட்டாகவும் பாதி ஆசையாகவும் எழுதியவர்களுக்கும் குறைவில்லை.

இதைப் பழைய பதிவு ஒன்றோடு வைத்துப் பார்க்கலாம். 1951 மார்ச் 15, காலை 10.20, புது டெல்லி. பறக்கும் கிளப் ஒன்றைச் சேர்ந்த 25 பேர், சுருட்டு வடிவத்தில் ஓர் உலோகப் பொருள் வானில் வளைந்து திரும்பிப் பறந்ததைப் பார்த்ததாகச் சொன்னார்கள். அவர்களில் விமானப் பொறியாளரும் இருந்தார். பறக்கும் தட்டுப் புகார்களை ஆராய்ந்த அமெரிக்க விமானப் படையின் ‘புராஜெக்ட் புளூ புக்’ கோப்புகளில் இது ஏறியது. அந்தத் திட்டத்தை 1969-ல் மூடியபோது கணக்கில் 12,618 புகார்கள். அவற்றில் 701 அடையாளம் தெரியாதவை. டெல்லிப் பொருளும் அந்த 701-ல் ஒன்று. தகவல் போதாத புகார்களுக்குத் தனிப் பிரிவே இருந்தது, அதையும் தாண்டி நின்றவை இவை என்று ஆர்வலர்கள் வாதிடுவார்கள். வாதம் நியாயமானதுதான். ஆனால் அந்தப் பொருளின் வேகம் மணிக்கு 1,000 மைல் என்று எழுதியிருக்கிறதே, அது கண்மதிப்பு. எவ்வளவு தொலைவில் பறந்தது என்று தெரியாமல் வேகத்தை எப்படிச் சொல்வது?

அந்த 1951-ல் ஹெப்பகோடியில் இப்படி ஒரு சத்தம் கேட்டிருந்தால் ஏரிக்கரையில் இரண்டு நாள் பேசிவிட்டு மறந்திருப்பார்கள். அப்போது ஆனேக்கல் வட்டத்துக் கிராமம் அது. 1978-ல் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் பக்கத்தில் எலெக்ட்ரானிக் சிட்டியைத் தொடங்கியது. பொம்மசந்திராவில் தொழிற்பேட்டை வந்தது, பயோகான் வந்தது, ஓசூர் சாலைக்கு மேலே மேம்பாலம் வந்தது. 2025 ஆகஸ்டில் மஞ்சள் தட மெட்ரோவும் ஓடத் தொடங்கிவிட்டது. 2020-ன் பட்டியலில் ஹெப்பகோடி இடம்பிடித்ததற்குச் சத்தம் மட்டும் காரணமல்ல, அங்கே ட்விட்டரில் எழுத ஆள் இருந்ததும் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஓசூர் பக்கத்துச் சிற்றூர்களில் எத்தனை பேர் காதில் அது விழுந்ததோ, அந்தப் பட்டியலை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

ஆள் பெருகியும் துப்பு பெருகவில்லை என்பதுதான் வேடிக்கை. ஹெப்பகோடிக்கும் தேவனஹள்ளிக்கும் நேர்க்கோட்டில் சுமார் 40 கிலோமீட்டர். ஒலி அதைக் கடக்க இரண்டு நிமிடம் ஆகும். எந்த ஊரில் எந்த நொடியில் கேட்டது என்ற விவரம் பத்து இடங்களிலிருந்து சரியாகக் கிடைத்தாலே, சத்தம் எங்கிருந்து கிளம்பியது என்று வரைபடத்தில் நெருங்கிவிடலாம். ட்வீட்டில் இருப்பதோ தட்டச்சு செய்த நேரம். ஜன்னலை எட்டிப் பார்த்து, மனைவியைக் கேட்டு, அப்புறம் எழுதிய நேரம். இடம் என்ற கட்டத்தில் பெரும்பாலும் வெறும் ‘பெங்களூரு’.

மர்மத்தை அவிழ்த்தவை வேறு ஏடுகள். கர்நாடக இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையத்தின் நிலநடுக்கமானிகளில் எதுவும் பதிவாகவில்லை. ஆக, நிலம் ஆடவில்லை. மாலையில் பாதுகாப்பு அமைச்சகத்தின் விளக்கம் வந்தது. விமானப் படையின் சோதனைப் பிரிவைச் சேர்ந்த விமானம் ஒன்று நகருக்கு வெளியே ஒலியை மிஞ்சிப் பறந்தது; 36,000 முதல் 40,000 அடி உயரத்தில் வேகத்தைக் குறைத்தபோது அந்த அதிர்வொலி எழுந்திருக்கலாம்; 65 முதல் 80 கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கும் அது கேட்கும். அவ்வளவு தூரம் வர ஒலிக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். அண்ணாந்து பார்த்தவர்களுக்கு வானம் காலியாகத் தெரிந்ததில் ஆச்சரியமே இல்லை.

எழுத ஆள் இருக்கும் இடத்தில் புகார் பெருகும் கோளாறு உலகக் கணக்கிலும் உண்டு. 1974-ல் அமெரிக்காவில் தொடங்கிய தேசியப் பறக்கும் தட்டுப் புகார் மையம் முதலில் தொலைபேசியில் கேட்டு எழுதியது. இன்று யார் வேண்டுமானாலும் இணையத்தில் படிவம் நிரப்பலாம். அதன் தரவில் ஜூலை 4 அன்று புகார்கள் எகிறும். அந்நாட்டின் சுதந்திர தினம் அது. ஊரே வெளியே நின்று வாணவேடிக்கை பார்க்கும் இரவு. 2019 மே மாதம் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் ரயில்பெட்டிபோல வரிசையாகப் போகத் தொடங்கியபின் அவற்றைக் கண்டு மிரண்டவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

ஒழுங்காக எழுதிய ஏடு என்ன செய்யும் என்பதற்கு லடாக் சாட்சி. 2012 ஆகஸ்ட் முதல் அடுத்த பிப்ரவரி வரை, எல்லையோர ஏரி ஒன்றின் மேல் மர்ம ஒளிகளை நம் ராணுவம் 329 முறை பதிவு செய்தது. சீன டிரோன்கள் என்று சந்தேகம். விஷயம் ஹெப்பகோடியிலிருந்து ஓசூர் சாலையில் போனால் எட்டிவிடும் கோரமங்கலாவுக்கு, இந்திய வானியற்பியல் நிறுவனத்துக்கு வந்தது. சிப்பாய்கள் நேரம் குறித்திருந்தார்கள். ஓர் ஒளி மாலை ஆறுக்குத் தோன்றி விடிகாலை ஐந்துக்கு மங்கியது. மற்றது நான்குக்கு எழுந்து பகல் பதினொன்று வரை தெரிந்தது. விண்மீன்களை ஒட்டி அவை எப்படி நகர்ந்தன என்று வானியலாளர்கள் பார்த்தார்கள். முதலாவது வியாழன், இரண்டாவது வெள்ளி.